பெயர் சொல்லும் மாலை

விடுதிக் காப்பாளர் தம்பதியை அறிமுகப்படுத்தும் கூட்டங்களில் வழக்கமாக விடுபட்டுப்போகிறவள் மனைவி. கணவருடைய பட்டங்களும் உரைகளும் அயல்நாட்டுப் பயணமும் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, கைதட்டல் ஓய்ந்து, மாணவிகள் நாற்காலியை நகர்த்தத் தொடங்கும் நேரத்தில் "உடன் அவர்தம் துணைவியார்" என்று மூன்று சொற்கள் ஒலிபெருக்கியில் விழும். அவள் எழுந்து கும்பிடுவதற்குள் நன்றியுரை ஆரம்பித்துவிடும். மனைவி முனைவர் பட்டம் பெற்றவளாக இருந்தாலும், காப்பாளர் பதவிக்கு விண்ணப்பித்தவளே அவளாக இருந்தாலும், கணவர் இறந்து இரண்டு வருடம் கழிந்திருந்தாலும் இந்த வழக்கத்தில் மாற்றமில்லை என்பதை வைப்பாறு மகளிர் விடுதி, சண்முகக்கனியின் விஷயத்தில் ஐயமற நிரூபித்தது.

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கரிசல் காட்டைச் சமன்படுத்திக் கட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். தண்ணீர் ஓடும் ஆறுகளின் பெயர்கள் ஆண்கள் விடுதிகளுக்குப் போய்விட, மகளிர் விடுதிக்கு வைப்பாறு மிஞ்சியது. அதன் வாயிலை ஒட்டினாற்போல் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள முகப்பு வீடு இருந்தது. அதில் குடியிருந்து மாணவிகளைக் கவனிக்கும் ஆசிரியர் தம்பதியராகவே இருத்தல் வேண்டும் என்பது விடுதியின் பதினான்காம் விதி.

சண்முகக்கனி புள்ளியியல் துறையில் உதவிப் பேராசிரியர். கணவர் தவசிமுத்து பொருளியல் பேராசிரியர். அவர் ஒரு வியாழக்கிழமை பல்கலைக்கழகப் பேருந்தில், சன்னலோர இருக்கையில், பாதி தின்ற கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி இறந்துபோனார். தூங்குகிறார் என்று நினைத்த நடத்துநர், எழுப்ப மனமில்லாமல் கடைசி நிறுத்தம் வரை அவரைக் கூட்டிப்போனார். பேராசிரியர் குடியிருப்பு அவர் பெயரில் இருந்ததால், இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த நிர்வாகம் அவளைக் காலி செய்யச் சொன்னது. அவள் முகப்பு வீட்டுக்கு விண்ணப்பித்தாள். படிவத்தில் கணவர் பெயரைக் கேட்டிருந்தார்கள், எழுதினாள். கணவரின் கல்வித்தகுதியைக் கேட்டிருந்தார்கள், எழுதினாள். கணவர் உயிரோடிருக்கிறாரா என்று கேட்கும் கட்டம் அந்த நான்கு பக்கத்தில் எங்குமில்லை, ஆகவே அதை அவள் எழுதவில்லை. ஐந்தாம் நாள் ஆணை வந்தது.

வீடு மாறும் அன்று காலை, குட்டியானை வண்டியின் பின்புறத்தில், பீரோவுக்கும் எரிவாயு அடுப்புக்கும் இடையில், வீடு மாறும்போதெல்லாம் உட்காரும் அதே இடத்தில், சுவர்க் கடிகாரத்தை மடியில் அணைத்துக்கொண்டு தவசிமுத்து உட்கார்ந்திருந்தார். சாம்பல் கட்டம் போட்ட கைலி, கைவைத்த பனியன், மூக்கின் நுனியில் கண்ணாடி. இரண்டு வருடமாக அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை, தன்னிடம் சொல்லாமலே அவர் இறந்துபோன கோபத்தோடு சேர்த்து, அவள் மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஆனால் வண்டி கிளம்பும் அவசரத்தில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"கடிகாரத்தப் பாத்துப் பிடிங்க. முள்ளு வளஞ்சிரும்."

"பிடிச்சுத்தானே இருக்கேன்" என்றார் அவர்.

அறிமுகக் கூட்டத்துக்குப் பதிவாளரே தலைமை தாங்கினார். இரண்டு வருடத்துக்கு முன் இதே மனிதர்தான் தவசிமுத்துவுக்கு இரங்கல் தீர்மானம் வாசித்து, இரண்டு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னவர். சிக்கனமானவராதலால் புதிதாக எதையும் எழுதவில்லை. கோப்பிலிருந்த இரங்கல் தாளையே எடுத்துவந்து, 'இருந்தார்' என்ற இடங்களிலெல்லாம் 'இருக்கிறார்' என்று பச்சை மையால் திருத்தி வாசித்தார். பேராசிரியர் தவசிமுத்து எளிமையானவராக இருக்கிறார், மாணவர்களின் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றவராக இருக்கிறார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அந்த மூன்று சொற்கள் விழுந்தன. சண்முகக்கனி பாதி எழுந்து, பாதியிலேயே உட்கார்ந்தாள்.

அதன்பின் வைப்பாறு விடுதிக்கே உரிய ஒரு சடங்கு நடந்தது. புதுக் காப்பாளர் முன்னால் மாணவிகள் ஒவ்வொருத்தியாக வந்து பெயர், ஊர், துறை, அறை எண், வீட்டில் யார் யார் என்று ஐந்து செய்தி சொல்ல வேண்டும். அவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் சொல்லும் மாலை என்று பெயர். முந்தைய காப்பாளர்களெல்லாம் பத்துப் பெயரைச் சொல்லிக் களைத்து, பதினோராவது பெண்ணைப் பார்த்து எல்லோரும் நன்றாகப் படியுங்கள் என்று பொதுவாக ஆசி கூறிச் சாப்பிடப் போனவர்கள். தவசிமுத்து நாற்காலியை விட்டு அசையவில்லை. சாம்பார் ஆறிப்போயிற்று, அப்பளம் நமுத்துப்போயிற்று, அவர் நூற்று எண்பத்தாறு பேருடைய ஐந்தைந்து செய்திகளையும் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் வந்தவள் விளாத்திகுளம் பக்கத்துப் பெண், பேச்சித்தாய். பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. வீட்டில் யார் யார் என்றதற்கு, அம்மா, ஒரு ஆடு என்றாள். சிரிப்பு முன்வரிசைக்கும் வந்தது. தவசிமுத்து சிரிக்காமல், "பேச்சித்தாய். விளாத்திகுளம். விலங்கியல். நாற்பத்திரண்டு. அம்மா, ஒரு ஆடு" என்றார்; பிறகு, "ஆட்டுக்குப் பேர் உண்டா தாயி?" என்று கேட்டார்.

"செவலை, சார்."

"அம்மா, செவலை" என்று திருத்திக்கொண்டார். மண்டபத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. நேரமாகிவிட்டதால் சண்முகக்கனியிடம் யாரும் பெயர் சொல்லவில்லை. அவள் பெயரை யாரும் கேட்கவும் இல்லை.

இறந்துபோனவர் காப்பாளராக வந்திருக்கிறார் என்பது அந்த வளாகத்தில் ஒரு வாரப் பேச்சாகக்கூட இருக்கவில்லை. அவர் எப்படி வந்தார் என்று கேட்டவர்களைவிட, ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்று கேட்டவர்களே அதிகம். சுகாதார நிலையத்துச் செவிலி வருடாந்திரப் பரிசோதனைக்கு அவர் மணிக்கட்டைப் பிடித்து, நெடுநேரம் தேடி, எதுவும் அகப்படாமல், அட்டையில் 'இயல்பு' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் முற்றத்து வேப்பமரத்தடியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சண்முகக்கனி வைக்கும் தேநீர் குடிக்கப்படாமல் ஆறும். தேர்வுக்குப் போகும் பெண்கள் அவர் முன்னால் ஒரு நொடி நின்று, அவர் தம் பெயரைச் சொல்லக் கேட்டுவிட்டுப் போனார்கள். கைபேசியில் அம்மாவை அழைத்து, சார் என் பேரைச் சொல்றதைக் கேளும்மா என்று நீட்டினார்கள். நூறுநாள் வேலைக்கு வரும் பெண்கள், அட்டை எண்ணால் மட்டுமே கூப்பிடப்பட்டுப் பழகியவர்கள், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வரிசையில் நின்று தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆண்கள் விடுதியிலிருந்து அவரை ஒருநாள் இரவல் கேட்டுக் கடிதம் வந்தது; அதற்குத் தனிக் கோப்புத் திறக்க வேண்டும் என்று பதிவாளர் அலுவலகம் பதில் எழுதிற்று.

மேட்ரன் ராஜபுஷ்பத்துக்கு மட்டும் இதில் ஒப்புதல் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அறை எண்ணைச் சொல்லியே பெண்களை அழைத்து வந்தவள் அவள்.

"பேர வச்சு என்ன மேடம் செய்ய? மூணு வருசத்துல போயிருவாளுக. ரூம்பு இங்கனயேதான கெடக்கும்" என்றாள் சண்முகக்கனியிடம்.

ஆனால் வழக்கமாகத் தீபாவளிக்குள் பதினொருவரோ பன்னிருவரோ அழுதுகொண்டே பெட்டியைக் கட்டிப் படிப்பை விட்டுப் போகும் அந்த விடுதியில் அந்த வருடம் ஒருத்திகூடப் போகவில்லை. அதை ராஜபுஷ்பமும் கவனித்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

சண்முகக்கனி வேறொன்றைக் கவனித்தாள். அறிமுகக் கூட்டம் முடிந்த அன்றே, ரசத்தில் உப்புப் போதுமா என்று அவள் கேட்டதற்கு, உப்பென்றால் என்ன என்பதுபோல் அவர் பார்த்தார். ஆடி முடிவதற்குள் அவர் பிறந்த ஊருக்குப் போகும் வழி மறந்துபோயிற்று. பொருளியல் முழுவதும் செப்டம்பரில் போய்விட்டது. அதன்பிறகுதான் கருத்தரங்குகளுக்குத் தலைமை தாங்க அவருக்கு அழைப்புகள் கூடின. ஒருநாள் சுவரிலிருந்த பழைய புகைப்படத்தைக் காட்டி, இந்த அம்மா யார், உன் சொந்தமா என்று கேட்டார். அது அவரைப் பெற்றவள். பன்னிரண்டு வயதில் அவர் கொள்ளி வைத்தவள்.

அவள் விழுந்து புரண்டு கேட்கவில்லை. புள்ளியியல்காரியாகக் கேட்டாள்: எப்போதிலிருந்து, எவ்வளவு வேகத்தில். அவரும் பேராசிரியராகவே விளக்கினார்.

"டவுன் பஸ் மாதிரி கனி. உசுரோட இருக்கிற உங்களுக்கெல்லாம் வண்டி எவ்வளவுன்னாலும் இடம் குடுக்கும், படியில தொங்கிட்டாவது ஆள் ஏறிரலாம். எனக்கு சீட்டு இத்தனதான். முன்னால ஒரு பேர் ஏறுச்சுன்னா பின்னால ஒண்ணு எறங்கணும். எது எறங்கும்னு என்னால சொல்ல முடியாது."

"ஆட்டுப் பேருக்குமா?"

"ஆட்டுப் பேருக்கும்."

"அப்ப நிறுத்திருங்க."

"நீ சொன்னா நிறுத்திருதேன்" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "கேக்க வாரவுகட்ட, காது கேக்கலன்னு நீயே சொல்லிரு."

அவள் மறுநாள் சொல்லத்தான் போனாள். வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பட்டாசு ஆலையில் கை இழந்த செய்தி அன்று காலைதான் வந்திருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. தவசிமுத்து அவளுடைய பெயரையும் ஊரையும் துறையையும் அறை எண்ணையும் சொல்லி, வீட்டிலிருக்கும் நான்கு பேரையும், அப்பாவை முதலில் வைத்து, ஒவ்வொருவராகச் சொன்னார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள். சண்முகக்கனி தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளை ஒவ்வொரு நாளும் வந்து போயிற்று.

அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தது. கல்யாணமான நான்காம் வருடம், பங்குனி மாதத்தில், ஆறு நாள் மட்டும் இருந்த பெண் குழந்தை. பெயர் சூட்டும் நாள் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டதால் ஊருக்கு அதன் பெயர் தெரியாது. மருத்துவமனையில் மணிக்கட்டுப் பட்டையில் 'சண்முகக்கனியின் குழந்தை' என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் ஆறாம் நாள் காலையில், இனி நேரமில்லை என்று தெரிந்தபோது, தவசிமுத்து குனிந்து அதன் காதில் பெயரை மூன்று முறை சொன்னார். உலகத்தில் அந்தப் பெயர் இரண்டே பேருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை, அந்த நாளில், சமையற்கட்டில் நின்று இருவரும் அதை ஒருமுறை சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள். அவர்கள் அனுசரித்தது அவ்வளவுதான். படையல் இல்லை, விளக்கு இல்லை. அவர் போன பிறகு இரண்டு பங்குனி அவள் தனியாகச் சொல்லியிருந்தாள்.

அந்த வருடப் பங்குனியில், காலையில் பாலை இறக்கி வைத்துவிட்டு, அவர் ஆரம்பிக்கட்டும் என்று அவள் அடுப்பருகே நின்றாள். அவர் ஆரம்பிக்கவில்லை. இன்றைக்குத்தான் குழந்தை போன நாள் என்று அவளாகவே எடுத்துக் கொடுத்தாள்.

"எந்தக் குழந்தை கனி?" என்று அவர் கேட்டார். மரியாதையாகக் கேட்டார், வேறு யாருடைய துக்கத்தையோ விசாரிப்பதுபோல.

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான், சொன்னால் அவர் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பெயர் ஏறினால் இன்னொன்று இறங்க வேண்டும், இறங்குவதற்கு அவரிடம் மிச்சமிருந்தது சொற்பம், அந்தச் சொற்பத்தில் அவளும் ஒருத்தி. அவர் தன்னைக் கனி என்று கூப்பிடுவதற்காகத் தன் குழந்தையின் பெயரை அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். சுயநலம் என்பதற்கு வேறு விளக்கம் எதுவும் அவள் தேடவில்லை. பாலை ஆற்றிக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

மே மாதம் விடுதி காலியாயிற்று. கரிசல் வெடித்துக் கிடந்த அந்த ஒரு மாதத்தில் புதுப் பெயர் எதுவும் வாசலேறி வரவில்லை. மாணவிகளின் பெயர்கள் போக, அவருக்கு நினைவிருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை: கனி, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் முறை, கடலைத் தொலியை ஊதித் தள்ளும் விதம், கோடைமழைக்கு முன் வரும் வாசனை. தான் இறந்துபோனதுகூட நினைவில் இல்லாததால் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இருவரும் மாலையில் காலியான வராந்தாக்களில் நடந்தார்கள். அவர் ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று உள்ளே இருக்க வேண்டியவளின் பெயரைச் சொன்னார், அவள் உம் கொட்டினாள். அவள் வாழ்க்கையிலேயே நிம்மதியான மாதம் அது என்று சொன்னால், அவள் வாழ்க்கையைப் பற்றி எதுவும் நல்லதாகச் சொன்னதாகாது.

ஜூலையில் அறுபத்திரண்டு புதிய பெண்கள் வந்தார்கள். பெயர் சொல்லும் மாலைக்கு நாள் குறித்தார்கள்.

சண்முகக்கனி பதிவாளரைப் போய்ப் பார்த்து, இந்த வருடம் அந்தச் சடங்கு வேண்டாம், வேண்டுமானால் பட்டியலைத் தட்டச்சு செய்து ஒட்டிவிடலாம் என்று கேட்டுக்கொண்டாள். பதிவாளர் பதறிப்போனார். தர மதிப்பீட்டுக் குழு அடுத்த மாதம் வருகிறது, நம் பல்கலைக்கழகத்தின் சிறந்த நடைமுறை என்ற தலைப்பில் உங்கள் கணவரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இந்த நேரத்தில் இப்படிப் பேசலாமா என்றார். கணவரின் வளர்ச்சியில் மனைவிக்குப் பொறாமை கூடாது என்பதையும் பொதுவாக, யாரையும் குறிப்பிடாமல் எடுத்துரைத்தார்.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு பையில் துணியை அடுக்கினாள். சாயங்காலப் பேருந்தில் அவரைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய்விடுவது, கதவைச் சாத்திக்கொள்வது, அவர் தன்னைக் கனி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை யாரையும் உள்ளே விடாமல் இருப்பது என்று முடிவு செய்தாள். கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றினாள். பையோடு வாயிலுக்கு வந்தபோது அங்கே ஒருத்தி தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். வந்து ஆறு நாளே ஆன பெண். முகம் வீங்கும்படி அழுதிருந்தாள். அந்த வாரத்தில் அவள் மூன்றாமவள், முதல் இரண்டு பேரும் ஏற்கெனவே ஊருக்குப் போயாயிற்று. பக்கத்தில் பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தாள், உள்ளேயிருந்து ராஜபுஷ்பம் நூத்திப் பதினேழு, ஏ நூத்திப் பதினேழு, கையெழுத்துப் போட்டுட்டுப் போட்டி என்று கூவிக்கொண்டிருந்தாள்.

சண்முகக்கனி அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி அழைக்க வாயெடுத்தாள். பெயர் வரவில்லை. இந்த ஆறு நாளில் இரண்டு முறை கேட்டிருந்தாள், இரண்டு முறையும் வேறெதையோ நினைத்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"உன் பேர் என்னம்மா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்களாம், வகுப்பில் யாரோ ஒருவன் சாமி வந்தது போல் ஆடிக்கூடக் காட்டினானாம், பேச்சித்தாய்தான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க சார்ட்ட கூட்டிட்டுப் போங்க. சார் ஒரு தடவ சொல்லிட்டார்னா போதும், அப்புறம் அது நம்ம பேர் மாதிரி ஆயிரும்" என்றாள். "எனக்கு அப்படித்தான் ஆச்சு. இல்லன்னா நான் போன வருசமே தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போயிருப்பேன்."

சண்முகக்கனி பேச்சித்தாயைப் பார்த்தாள். ஓர் ஆட்டின் பெயர் ஏறியபோது எது இறங்கியிருக்கும் என்று பல நாள் கணக்குப் போட்டிருந்தாள்; அது எதுவாக இருந்தாலும் இந்தப் பெண் இங்கே நிற்கிறாள் என்பது இப்போது தெரிந்தது. அவள் பையைக் கீழே வைத்தாள். தகரப் பெட்டியின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடி" என்று பேச்சித்தாயிடம் சொன்னாள். இருவரும் பெட்டியை உள்ளே தூக்கிப்போனார்கள்.

பெயர் சொல்லும் மாலையில் பதிவாளர் அதே தாளை வாசித்தார், அதே மூன்று சொற்களைக் கடைசியில் போட்டார். அவள் இந்த முறை கும்பிடவே இல்லை. மேடையின் ஓரத்தில், நாற்காலி போதாமல் நின்றுகொண்டு, கணவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வந்தார்கள், சொன்னார்கள். அவர் திருப்பிச் சொன்னார். எட்டாவது பெண் நகர்ந்தபோது வெளியே முதல் தூறல் விழுந்து மண்டபம் முழுக்க மண்வாசனை நிறைந்தது; எல்லோரும் மூச்சை இழுத்தார்கள், அவர் இழுக்கவில்லை. இருபதைத் தாண்டியபோது யாரோ மேசைமீது வைத்த வறுகடலையை எடுத்து, இது என்ன செய்ய என்பதுபோல் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டார். அதன்பின் அவள் எண்ணுவதை நிறுத்தினாள். ஒவ்வொரு பெண் நகரும்போதும் அவர் கண் ஒருமுறை அவள் பக்கம் வந்து, அடையாளம் கண்டு, மீண்டது; பிறகு வந்து மீண்டது, அடையாளம் காண்பது மட்டும் தாமதமாயிற்று; பிறகு வரவே இல்லை.

கடைசியாக வந்தவள் தகரப் பெட்டிப் பெண். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உச்சிமாகாளி" என்றாள். மண்டபத்தில் சிரிப்பு கிளம்புமுன் தவசிமுத்து "உச்சிமாகாளி" என்று சொல்லிவிட்டார், அது அந்தப் பெயருக்குரிய அளவில், ஊர் எல்லையில் ஆயுதத்தோடு நிற்கிறவளின் அளவில் ஒலித்தது. அவள் தோளை நிமிர்த்திக்கொண்டு இறங்கினாள்.

வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவர் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு நடுவயதுப் பெண்மணி நிற்பதைக் கண்டார்.

"நீங்க எந்த ரூம்புமா?" என்று கேட்டார். "வாங்க. வெக்கப்படாம சொல்லுங்க."

பதிவாளர் நன்றியுரைக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். சண்முகக்கனி அவரைக் கடந்து போய் ஒலிவாங்கியின் முன் நின்றாள். இந்தப் பெயர் ஏறினால் இனி இறங்குவதற்கு அவரிடம் ஏதுமில்லை, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஒன்றைத் தவிர. அது அவளுக்குத் தெரியும். பேசாமல் திரும்பினால் அவர் இருப்பார். அறிமுகமில்லாதவராக, இருநூற்று நாற்பத்தாறு மாணவிகளின் பெயர்களோடு, அவளை எந்த அறை என்று தினமும் கேட்டுக்கொண்டு, என்றைக்கும் இருப்பார்.

"சண்முகக்கனி" என்றாள். "ஊர் கோவில்பட்டி. புள்ளியியல், முனைவர். முகப்பு வீடு." வீட்டில் யார் யார் என்ற இடத்துக்கு வந்தபோது ஒலிவாங்கியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள். "வீட்டில தவசிமுத்து. மாரிக்கனி. எங்க பொண்ணு, ஆறு நாள் இருந்தா."

யாரும் சிரிக்கவில்லை. உணவுக்கூடத்து மணி அடிக்கும் நேரமாகியும் ராஜபுஷ்பம் அடிக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சண்முகக்கனி" என்றார் அவர். அவளைத் தவிர, அந்த மண்டபத்தில் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் சொன்ன முதல் ஆள் அவர்தான். "கோவில்பட்டி. புள்ளியியல், முனைவர். முகப்பு வீடு. வீட்டில தவசிமுத்து." பிறகு, அந்த மேடையில் ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒருமுறை சொன்ன மனிதர், இதை மட்டும், யாரும் கேட்டுக்கொள்ளாமலே, குனிந்து, தணிந்த குரலில் மூன்று முறை சொன்னார்.

"மாரிக்கனி. மாரிக்கனி. மாரிக்கனி."

மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. கூச்சல் எதுவும் எழவில்லை. ராஜபுஷ்பம் மணியை அடித்தாள். பெண்கள் வரிசையாகச் சாப்பிடப் போனார்கள், போகும்போது ஒவ்வொருத்தியும் சண்முகக்கனியின் முன்னால் ஒரு நொடி நின்று, அவள் பெயரையும், சிலர் மகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ராஜபுஷ்பம் கடைசியாக வந்து நாற்காலியைத் தூக்கினாள்.

"முகப்பு வீடு" என்றாள், பழக்கத்தில். பிறகு நின்று, "சண்முகக்கனி மேடம், சாப்பிட வாங்க" என்றாள்.

பதிவாளர் பச்சை மைப் பேனாவை எடுத்து 'இருக்கிறார்' என்ற இடங்களிலெல்லாம் 'இருந்தார்' என்று மறுபடி திருத்தி, தாளைக் கோப்பில் சேர்த்தார். பதினான்காம் விதியின்படி பதினைந்து நாளில் முகப்பு வீட்டைக் காலி செய்யும்படி ஆணை வந்தது. மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் வேறொரு தம்பதி குடிவந்தார்கள்; அறிமுகக் கூட்டத்தில் அந்த மனைவியின் பெயரை யாரும் சொல்லவில்லை. உச்சிமாகாளி படிப்பை முடித்தாள், பேச்சித்தாயும் முடித்தாள். அந்த வருடம் வந்த அறுபத்திரண்டு பேரில் ஊருக்குத் திரும்பியவர்கள் முதல் வாரத்தில் போன அந்த இருவர்தான். அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை.

சண்முகக்கனி குட்டியானை வண்டியின் பின்புறம் ஏறி, கடிகாரத்தைத் தானே மடியில் வைத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனாள். மேலும் பதினோரு வருடம் பாடம் நடத்தி இணைப் பேராசிரியராக ஓய்வு பெற்றாள்; ஓய்வு விழாவில் அவளை, மறைந்த பேராசிரியர் தவசிமுத்துவின் துணைவியார் என்று அறிமுகப்படுத்தினார்கள். கணவர் மறுபடி வரவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள், முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். பங்குனியில் அந்த நாள் காலையில் சமையற்கட்டில் நின்று அந்தப் பெயரை ஒருமுறை சொல்கிறாள்; சொல்லிவிட்டுப் போவதற்கு இப்போது வேலை இல்லாததால், அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.